தண்ணீர் படும்வரை காத்திருக்கும் உருண்டை: வீட்டிலேயே பாத் பாம் செய்யலாம்

முதலில் ஒரு சின்னச் சோதனை. உள்ளங்கை நன்றாகக் காய்ந்திருக்கட்டும். கீறல், வெட்டுக்காயம் எதுவும் இருக்கக் கூடாது. அதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் அரைச் சிட்டிகை சிட்ரிக் ஆசிட்டும் வைத்து விரலால் கலந்து பாருங்கள். ஒன்றும் நடக்காது. இரண்டு வெள்ளைப் பொடிகள், அவ்வளவுதான். எத்தனை நேரம் தேய்த்தாலும் அப்படியே கிடக்கும். இப்போது ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று நுரை பொங்கும். கூடவே உள்ளங்கையின் நடுவில் சில்லென்று ஒரு குளிர்ச்சி தெரியும். பொங்குகிறதே, சுடுமோ என்று நினைப்போம், ஆனால் குளிரும். இந்த வினை சுற்றியிருக்கும் வெப்பத்தை உள்ளிழுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது.

பாத் பாம் என்பது இதே சங்கதிதான். தலைவலிக்குத் தடவும் பாம் இல்லை, குளியல் நீரில் போடும் குண்டு. அந்த இரண்டு பொடிகளையும் கொஞ்சம் எண்ணெய், வாசனையோடு சேர்த்து இறுக்கமாக உருட்டிக் காய வைத்தால் பாத் பாம். வெந்நீரில் போட்டதும் நுரைத்துக் கரைந்து, உள்ளே வைத்த எண்ணெயையும் மணத்தையும் தண்ணீரில் பரப்பிவிடும்.

செய்முறைகள் எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றில் பலவும் இத்தனை கரண்டி இது, இத்தனை கரண்டி அது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. அதன்படி செய்தும் உருண்டை உதிர்ந்து போனால் ஏன் என்று புரியாது. உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அளவுப் பட்டியலே பாதி தேவைப்படாது. எனவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். சிட்ரிக் ஆசிட் ஓர் அமிலம். எலுமிச்சைக்குப் புளிப்பு தருவது அதுதான். 1784-இல் ஷீலே என்ற வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பழத்திலிருந்து வருவதில்லை. சர்க்கரைக் கரைசலில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து எடுக்கிறார்கள். சரி, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? அமிலம் தண்ணீரில் கரைந்தால்தான் தன் வேலையைக் காட்ட முடியும். காய்ந்த நிலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் அசைய வழியில்லை. தண்ணீர் பட்டதும் இரண்டும் கரைந்து கலந்து, கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்புகிறது. நாம் பார்க்கும் நுரை அதுதான். கோலி சோடாவில் குமிழியாக வருவதும் இதே வாயு.

இதில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த வினை நடக்கும்போது வாயுவோடு சேர்ந்து கொஞ்சம் தண்ணீரும் புதிதாக உண்டாகிறது. அந்தத் தண்ணீர் பக்கத்திலிருக்கும் காய்ந்த பொடியை நனைக்கிறது. அங்கே வினை தொடங்குகிறது. அங்கும் தண்ணீர் பிறக்கிறது. ஓர் இடத்தில் பட்ட சின்ன ஈரம் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டே போவது இதனால்தான். பாத் பாம் செய்யும் கலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. சேர்ந்தால் பொங்கத் துடிக்கும் இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்; ஆனால் குளிக்கும் நேரம் வரும்வரை தண்ணீரை அண்டவிடக் கூடாது.

நமக்கு இது புதிதும் இல்லை. வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் கொட்டிக் குடிக்கும் ஈனோ பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஸ்வர்ஜிக்ஷார, நிம்புகாம்லம் என்று போட்டிருக்கும். முதலாவது ஆப்ப சோடா, அடுத்தது சிட்ரிக் ஆசிட். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வைட்டமின் மாத்திரைகளும் இதே வகைதான். அந்த மாத்திரைக் குழாயின் மூடியைக் குலுக்கினால் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளை மூடிக்குள்ளேயே அடைத்து வைத்திருப்பார்கள். தொழிற்சாலையில் செய்தாலும் ஈரத்தைப் பற்றிய கவலை அதேதான்.

பாத் பாமே இப்படிப்பட்ட ஒரு மாத்திரையிலிருந்துதான் பிறந்தது. இங்கிலாந்தின் டார்செட் பகுதியைச் சேர்ந்த மோ கான்ஸ்டன்டைன் என்ற பெண்மணி, அல்கா-செல்ட்சர் என்னும் நுரைக்கும் மாத்திரையைப் பார்த்து யோசனை தோன்றி, 1989-இல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் முதல் பாத் பாமைச் செய்தார். பின்னால் லஷ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். குளியல் தொட்டியில் படுத்துக் குளிக்கும் ஊரில் பிறந்த பொருள் என்பதால், அங்கே கிடைக்கும் செய்முறைகளும் தொட்டி நிறையத் தண்ணீருக்கானவை.

நம் வீடுகளில் பெரும்பாலும் வாளியும் குவளையும்தான். வாளித் தண்ணீரில் போட்டுத் தலையில் ஊற்றிக்கொள்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எண்ணெயும் சோடாவும் முடியிலும் கண்ணிலும் படும். ஆனால் ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஆறேழு லிட்டர் வெதுவெதுப்பான நீர் எடுத்து, நாள் முழுதும் நின்று களைத்த கால்களை அதில் கால் மணி நேரம் வைத்திருப்பது அருமையான சுகம். கீழே சொல்லும் அளவுகள் அதற்கானவை, எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளுக்கு.

என்னென்ன வேண்டும்

ஆப்ப சோடா 200 கிராம், சிட்ரிக் ஆசிட் 100 கிராம், கார்ன் ஃப்ளோர் 50 கிராம், தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, வாசனைத் தைலம் 20 சொட்டு. ஒவ்வொன்றும் 40 கிராம் வீதம் ஒன்பது உருண்டைகள் வரும். எடைத் தராசு இல்லையென்றால் ஒரே கிண்ணத்தால் சோடா இரண்டு பங்கு, சிட்ரிக் ஆசிட் ஒரு பங்கு, கார்ன் ஃப்ளோர் அரைப் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக அளந்துகொள்ளுங்கள்.

சோடா வாங்கும்போது பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். ஆப்ப சோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா எல்லாம் ஒன்றுதான். பேக்கிங் பவுடர் வேறு. அதில் ஏற்கெனவே அமிலமும் மாவும் கலந்திருக்கும். துணி துவைக்கும் வாஷிங் சோடா முற்றிலும் வேறு. அது தோலை எரிக்கும், கிட்டவே கொண்டுவர வேண்டாம். சிட்ரிக் ஆசிட் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். எங்கள் தெருக் கடையில் நான் கேட்டதும் அண்ணாச்சி, "பால் திரிச்சு பனீர் போடவாம்மா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, கால் ஊற வைக்க" என்று சொல்லிப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சில கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால்தான் தெரியும்.

சோடா ஏன் இரண்டு பங்கு? கணக்குப்படி 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டைச் சரிக்கட்ட ஏறத்தாழ 130 கிராம் சோடா போதும். மீதி 70 கிராம் வினையில் சேராமல் தண்ணீரில் கரைந்து நிற்கும். இது வீண் இல்லை. அமிலம் மிஞ்சினால் தோல் எரியும். சோடா கொஞ்சம் மிஞ்சினால் பெரிய பாதகம் இல்லை. சிலர் நுரை அதிகம் வரட்டும் என்று இரண்டையும் சம அளவு போடுகிறார்கள். அப்போது அமிலம் மிஞ்சிவிடும். வேண்டாம். 40 கிராம் உருண்டை ஒன்றிலிருந்து வெளிவரும் வாயுவே கிட்டத்தட்ட நான்கு லிட்டர். அதில் ஒரு பகுதி தண்ணீரிலேயே கரைந்தாலும் நுரைக்குக் குறைவே இருக்காது.

கார்ன் ஃப்ளோர் நுரைக்காது. அது நடுவில் நின்று இரண்டு பொடிகளையும் கொஞ்சம் விலக்கி வைக்கிறது, வினையை நிதானப்படுத்துகிறது. இல்லாவிட்டால் உருண்டை மளமளவென்று கரைந்து முடிந்துவிடும். கேரளக் கடைகளில் கிடைக்கும் கூவைக்கிழங்கு மாவும் நன்றாக வேலை செய்கிறது.

எண்ணெய் விஷயத்தில் ஊரின் வெயில் கணக்குக்கு வரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி சுமாருக்குக் கீழேதான் உறையும். ஊட்டியில் கட்டியாகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும் அதே எண்ணெய், சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் வெளிநாட்டுச் செய்முறையில் சொல்லும் அளவை அப்படியே ஊற்றினால் உருண்டை கடைசிவரை கொழகொழவென்று இருக்கும். இரண்டு தேக்கரண்டி போதும்.

வாசனைத் தைலத்திலும் அடக்கம் தேவை. தொட்டிக் குளியலுக்கான செய்முறையில் இதைவிட மூன்று நான்கு மடங்கு இருக்கும், ஆனால் அங்கே தண்ணீரும் நூறு லிட்டருக்கு மேல். பேசினில் ஆறு லிட்டர்தான். தைலம் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து தோலில் நேராகப் படும். 20 சொட்டு என்றால் ஓர் உருண்டைக்கு இரண்டு சொட்டு. லாவெண்டரும் வெட்டிவேர்த் தைலமும் தோலுக்குச் சாதுவானவை. வெட்டிவேர் மணம் கோடைக்கு அவ்வளவு பொருத்தம். கிராம்புத் தைலம், பட்டைத் தைலம் இரண்டும் எரிச்சல் தரும், விட்டுவிடுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வேண்டாம். வாயில் போனால் ஆபத்து.

நிறம் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் பொடியாகத்தான் சேர்க்க வேண்டும். திரவ உணவு நிறத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். மஞ்சள்தூள் போடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருவது போல, சோடா மிஞ்சிய தண்ணீரில் மஞ்சள் நிறம் மாறத் தொடங்கிவிடும். துண்டிலும் கால் நகத்திலும் கறை வேறு. உலர்ந்த ரோஜா இதழ் இரண்டை அச்சின் அடியில் வைத்து அமுக்கினாலே பார்க்க அழகாக இருக்கிறது.

கால் ஊற வைக்கும் நீரில் பலரும் போடும் எப்சம் உப்பு எங்கே என்று கேட்பீர்கள். உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் என்று விற்கிறார்களே, வேதிப்பெயரில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கால் நனைக்க வாங்குவதென்றால் மருந்துக்கடையில் வாங்குங்கள். கையில் எடுத்தால் காய்ந்த படிகமாகத் தெரியும் இந்த உப்பின் எடையில் பாதி, படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். அது சட்டென்று வெளியே வந்துவிடாது என்றாலும், முதல் முறை செய்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. கை பழகியபின் 50 கிராம் சேர்த்துப் பாருங்கள். உடம்புக்கு மெக்னீசியம் ஏறும் என்றெல்லாம் சொல்வார்கள். தோல் வழியாக அது போதுமான அளவு உள்ளே போகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

பிசைவதும் பிடிப்பதும்

கடைச் சிட்ரிக் ஆசிட் பெரும்பாலும் சர்க்கரை போலக் குருணையாக இருக்கும். அப்படியே போட்டால் உருண்டை மேடும் பள்ளமுமாக வரும். ஈரம் துளியும் இல்லாத மிக்ஸி ஜாரில் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். உடனே மூடியைத் திறக்காதீர்கள். தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. ஒரு நிமிடம் அடங்கட்டும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்வது நல்லது, மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

அகலமான பாத்திரத்தில் சோடாவையும் கார்ன் ஃப்ளோரையும் சலித்துப் போடுங்கள். எண்ணெயோடு தைலத்தைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி இல்லாமல் உள்ளங்கைகளுக்கு இடையே தேயுங்கள். சிட்ரிக் ஆசிட்டைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அதுவரை பாத்திரத்தில் சண்டைக்கு ஆள் இல்லை. நிதானமாக வேலை செய்யலாம். அது உள்ளே வந்தபின் நேரம் குறைவு.

இப்போது எல்லாம் கலந்து உதிரியாக இருக்கும். பிடிபட ஏதாவது ஈரம் வேண்டும். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. ஈரம் இல்லாமல் உருண்டை நிற்காது, ஈரம் பட்டாலோ வினை தொடங்கிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இதற்கு நல்ல வழி. பொடியை நனைத்துப் பிடிக்க வைத்துவிட்டுச் சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும். 99 சதவீதம் என்று எழுதியது கிடைத்தால் சிறப்பு. 70 சதவீதம்தான் கிடைத்தால் அதில் மீதி தண்ணீர் என்பதை நினைவில் வைத்துக் குறைவாகத் தெளியுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். அது கிடைக்காதபோது தண்ணீரையே பயன்படுத்தலாம். ஆனால் இந்த அளவுக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது, அதையும் சொட்டுச் சொட்டாக. எதுவானாலும் ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, ஒருமுறை தெளித்ததும் உடனே கலந்துவிடுங்கள். சுர்ரென்ற சத்தம் ஓர் இடத்தில் கேட்டால் அந்த இடத்தைக் கையால் அப்படியே மற்ற பொடியோடு தேய்த்துக் கலைத்துவிட வேண்டும்.

எப்போது நிறுத்துவது? புட்டு மாவு பிசைந்த கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு, அரையடி உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். உடையாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. வெளிநாட்டு விளக்கங்களில் ஈர மணல் போல இருக்க வேண்டும் என்பார்கள். எனக்குப் புட்டு மாவுப் பதம்தான் கைக்குத் தெரிந்தது.

அச்சுக்கென்று தனியாக வாங்கத் தேவையில்லை. சின்ன எவர்சில்வர் கிண்ணம், சிலிகான் கேக் அச்சு, பிளாஸ்டிக் ஐஸ் டிரே எல்லாம் சரி. அலுமினியம் மட்டும் வேண்டாம். இரண்டு பாதியாகப் பிரியும் பந்து அச்சு என்றால் இரண்டு பக்கமும் குவித்து நிரப்பி ஒன்றோடொன்று அழுத்துங்கள், திருகாதீர்கள். ரவா லட்டு பிடிப்பது போலக் கையாலும் பிடிக்கலாம்; வடிவம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், நுரைப்பதில் குறை இருக்காது. ஐந்து நிமிடம் கழித்து அச்சை மெல்லத் தட்டிக் கவிழ்த்து, துணி விரித்த தட்டில் வைத்துவிடுங்கள்.

காய ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். நேர் வெயில் வேண்டாம், மணம் போய்விடும். ஃபிரிட்ஜ் அதைவிட மோசம். வெளியே எடுத்ததும் உருண்டைமேல் நீர் கோத்துக்கொள்ளும். ஏ.சி. ஓடும் அறை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது இழுத்துவிடும்.

காற்றின் ஈரம் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முதலில் செய்து பார்த்தது ஐப்பசி அடைமழையில். அளவெல்லாம் சரியாகப் போட்டேன், தண்ணீரும் குறைவாகத்தான் தெளித்தேன். உருண்டைகள் அழகாக வந்தன. இரவு தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஒவ்வொன்றும் இட்லி போல உப்பி, மேலெல்லாம் பரு பருவாகக் கிளம்பி, தட்டோடு ஒட்டிக்கிடந்தது. தண்ணீரில் போட்டபோது நுரையே இல்லை. நுரைக்க வேண்டியதெல்லாம் இரவிலேயே, ஆளில்லாத அறையில் நுரைத்து முடிந்திருந்தது. சிட்ரிக் ஆசிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒரு புள்ளியில் தொடங்கினால் போதும், வினையில் பிறக்கும் தண்ணீரே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் அதே அளவுகளில் செய்தேன். ஒன்றுகூடக் கெடவில்லை. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழை மாதங்களைத் தவிர்த்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

உங்கள் உருண்டை கெட்டுப்போனாலும் அதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். உப்பினால், பரு கிளம்பினால் ஈரம் அதிகம். விரிசல் விட்டு உதிர்ந்தால் ஈரம் போதவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை. கடைசிவரை மெத்தென்று இருந்தால் எண்ணெய் கூடுதல்.

நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொன்றையும் கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி டப்பாவில் வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை எடுத்து வைத்திருந்தால் அதையும் உள்ளே போடலாம். ஈரம் முழுதும் போகாத உருண்டைகளைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். ஒரு மாதம், இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்திவிட்டால் நுரையும் மணமும் குறையாது. பார்க்கத் தேங்காய் லட்டு போலவே இருப்பதால், டப்பாமேல் பெயர் எழுதிக் குழந்தைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வைக்க வேண்டும்.

கால் வைக்கும் நேரம்

பேசினில் நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வெப்பம் கூடினால் நுரை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். நன்றாக வந்த முதல் உருண்டையை என் அத்தைக்குத்தான் கொடுத்தேன். பேசினுக்குள் போட்டதும் அது அடியில் போய் உட்கார்ந்து, சுற்றிலும் வெள்ளையாகப் புகை போல நுரைவிட்டு, கொஞ்சம் இளைத்ததும் மேலே மிதந்து வந்து தானாகச் சுழலத் தொடங்கியது. ஒரு பக்கம் அதிகமாகக் கரைந்தால் அந்தப் பக்கத்து வாயு உருண்டையைத் தள்ளும். "விரலுக்கிடையில கூசுதுடி" என்று சொல்லிக்கொண்டே அத்தை காலை எடுக்கவில்லை. வெட்டிவேர் மணம் கூடம் வரைக்கும் வந்தது.

கால் மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்துவிடுங்கள். நம் தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது. மிஞ்சிய சோடாவை அதில் காயவிட வேண்டாம். தண்ணீரைக் கொட்டியபின் குளியலறைத் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட வேண்டும், எண்ணெய் வழுக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீரிழிவு உள்ளவர்கள் காலை ஊற வைப்பதையே தவிர்க்கும்படி மருத்துவர்கள் சொல்வார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தண்ணீர் சுடுவதே தெரியாது, ஊறிய தோலில் சின்னப் புண்ணும் பெரிதாகும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஆசையாகச் செய்து தருவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெடிப்பு, காயம், சிரங்கு இருப்பவர்களுக்கும் வேண்டாம். மற்றவர்கள் முதல் முறை செய்வதற்கு முன், கரைத்த நீரை முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவிக் கழுவிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

அப்புறம், பிடிபடாமல் உடைந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். உதிரியாகவே துணியில் பரப்பிக் காயவைத்துக் காய்ந்த டப்பாவில் போட்டு வையுங்கள். வேண்டும்போது இரண்டு மேசைக்கரண்டி எடுத்துப் பேசினில் தூவினால் போதும். உருண்டை போலச் சுழலாது, சட்டென்று பொங்கி அடங்கிவிடும். மணமும் எண்ணெயும் அதேதான்.